செய்தி யார் கையில்? கைப்பேசிக் காலத்தில் பத்திரிகையும் நமது பொறுப்பும்

ஃபஜ்ர் தொழுதுவிட்டு வரும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து நாளிதழைப் புரட்டுவது மதுரையில் நமது அத்தாமார்கள் காலத்து வழக்கம். காஜிமார் தெரு, கோரிப்பாளையம் முதல் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி வரை ஒரே பத்திரிகையைப் பத்துப் பேர் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுவார். சாதாரண மக்களும் படிக்கும் எளிய தமிழில் செய்தி தர வேண்டும் என்று சி.பா.ஆதித்தனார் 1942இல் 'தினத்தந்தி'யைத் தொடங்கியதும் இதே மதுரையில்தான்.

இன்று பத்திரிகை வீட்டு வாசலில் விழும்போது அதிலுள்ள செய்திகளில் பாதி நமக்குப் பழையதாகிவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழு, முஹல்லா குழு, பள்ளித் தோழர்கள் குழு, முகநூல், யூடியூப் என எல்லா வழியாகவும் முந்தைய இரவே தகவல் வந்து குவிந்துவிடுகிறது. அவற்றை அனுப்புபவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. கையில் கைப்பேசி உள்ள ஒவ்வொருவரும் செய்தியாளராகிவிட்ட இந்தக் காலத்தில் நமக்குக் கிடைத்திருப்பது என்ன, நாம் இழந்து கொண்டிருப்பது என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பத்திரிகை என்பது ஒரு பொறுப்பு

ஒரு நாளிதழில் நான்கு வரிச் செய்தி வருவதற்கு முன் அது பல கைகளைக் கடக்கிறது. நிருபர் சம்பவ இடத்துக்குச் செல்கிறார். காவல் நிலையம், மருத்துவமனை, பாதிக்கப்பட்டவர் வீடு என விசாரிக்கிறார். அவர் எழுதியதை உதவி ஆசிரியர் படித்துச் சந்தேகம் கேட்கிறார். எதை வெளியிடுவது என்று ஆசிரியர் முடிவு செய்கிறார். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர் பத்திரிகையில் இருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் காலத்து 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை. செய்தி தவறானால் யாரிடம் கேட்பது என்பது வாசகருக்குத் தெரியும்.

இந்தப் பொறுப்புக்குச் சில நேரம் பெரும் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 2007 மே 9 அன்று, அரசியல் வாரிசு குறித்த ஒரு கருத்துக் கணிப்பை வெளியிட்டதற்காக மதுரை 'தினகரன்' அலுவலகம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. ஊழியர்கள் மூவர் உயிரிழந்தனர். கீழமை நீதிமன்றம் 2009இல் அனைவரையும் விடுவித்தது. 2019இல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அதே சமயம், பத்திரிகைகளில் எல்லாம் சரியாகவே இருந்தன என்று சொல்லிவிட முடியாது. எந்த ஊர்ப் பிரச்சினை செய்தியாகும், எது ஆகாது என்பதைச் சிலர் மட்டுமே முடிவு செய்தார்கள். விளம்பரம் தருபவரைப் பற்றி எழுதத் தயக்கம் இருந்தது. சிறுபான்மை மக்களின், ஒடுக்கப்பட்ட மக்களின் குரலுக்குக் கிடைத்த இடம் குறைவு. சமூக ஊடகம் வந்தபோது மக்கள் அதை இவ்வளவு ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

மக்கள் கையில் வந்த நன்மை

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது 'தி இந்து' நாளிதழின் ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. 1878இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. பத்திரிகையே வர முடியாத அந்த நாட்களில், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எங்கே படகு வேண்டும், எந்தப் பள்ளிவாசலிலும் மண்டபத்திலும் உணவும் தங்க இடமும் கிடைக்கும் என்ற தகவல்களைப் பொதுமக்களே ட்விட்டரிலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரிமாறிக் கொண்டார்கள். அதனால் காப்பாற்றப்பட்டவர்கள் ஏராளம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் சித்திரவதைக்குப் பின் உயிரிழந்தனர். அந்தச் செய்தி தூத்துக்குடி மாவட்ட எல்லையைத் தாண்டி உலகம் முழுவதும் சென்றதில் சமூக ஊடகத்தின் பங்கு பெரிது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. வழக்கு பின்னர் சிபிஐக்குச் சென்று, விசாரணை மதுரை நீதிமன்றத்தில் நடந்தது.

இதே சம்பவத்தில் இன்னொரு பாடமும் உள்ளது. ஆங்கிலத்தில் இந்தக் கொடுமையை விவரித்து ஒருவர் வெளியிட்ட வீடியோவைக் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். அதில் மிகைப்படுத்தப்பட்ட விவரங்கள் இருப்பதாக சிபிசிஐடி கூறியதையடுத்து அவர் அதை நீக்கிவிட்டார். வழக்குக்கு வலுவாக நின்றவை நீதித்துறை நடுவரின் நேரடி விசாரணையும், அன்றிரவு காவல் நிலையப் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலரின் சாட்சியமும்தான். சமூக ஊடகம் கவனத்தைத் திருப்பியது. உண்மையை நிலைநாட்டியது சாட்சி. உண்மைச் சம்பவத்தோடு மிகை கலந்தால் அது எதிர்த்தரப்புக்கே உதவும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வதந்தி கொன்ற உயிர்

2018 மே மாதத்தில் குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் தகவல் தமிழகம் முழுவதும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. அதிலிருந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரார் அவரைக் கடத்தல்காரி என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்தத் தகவலை அனுப்பியவர்கள் யாரும் கொலைகாரர்கள் அல்லர். தம் பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில் அனுப்பியவர்கள். இப்படிப் பல மாநிலங்களிலும் உயிர்கள் பறிபோன பிறகு, ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் வடமாநிலங்களில் பரவின. அவற்றில் ஒன்று புலம்பெயர் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து பார்த்து அச்சப்பட ஒன்றுமில்லை என்றது. அதற்குள் பல தொழிலாளர்கள் பயந்து ரயிலேறிவிட்டார்கள். போலி வீடியோ பரப்பியதாகக் கைதான பீகார் யூடியூபர் மனீஷ் காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. மதுரை மத்தியச் சிறையில் மாதக்கணக்கில் இருந்தார். அந்தச் சட்டத்தின் கீழான காவலை 2023 நவம்பரில் மதுரைக் கிளை ரத்து செய்தது.

இந்த விவகாரத்தில் யூடியூபர் மட்டுமே சிக்கவில்லை. இந்தி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் மீதும் வழக்குப் பதிவானது. சமூக ஊடகத்தின் வேகத்தோடு போட்டி போடும் அவசரத்தில், விசாரித்து எழுத வேண்டிய பத்திரிகையும் வந்ததை அப்படியே வெளியிடும் நிலைக்கு இறங்கிவிடுகிறது. பாரம்பரிய ஊடகத்துக்கு ஏற்பட்ட பெரிய பாதிப்பு இதுதான். விளம்பர வருமானம் இணைய நிறுவனங்களுக்குப் போய்விட, செலவைக் குறைக்க நிருபர்களைக் குறைக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் விசாரிக்க ஆள் இல்லாதபோது, வைரலான வீடியோவே செய்தியாகிவிடுகிறது.

நம் சமுதாயம் பட்ட காயம்

இதன் வலி நமக்குப் புதிதல்ல. 2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தி வெளியானதும் கொரோனாவுக்கே மதச்சாயம் பூசப்பட்டது. பாத்திரங்களை நக்கித் தொற்றைப் பரப்புகிறார்கள் என்று பரப்பப்பட்ட வீடியோ, உணவை வீணாக்கக் கூடாது என்பதற்காக தாவூதி போஹ்ராக்கள் தட்டுகளைச் சுத்தம் செய்த 2018ஆம் ஆண்டுக் காட்சி. உண்மை கண்டறியும் தளங்கள் அதை வெளிப்படுத்தும் முன்பே அது கோடிக்கணக்கான கைப்பேசிகளுக்குப் போய்விட்டது. தொலைக்காட்சிகளும் தம் பங்குக்கு அந்தத் தீயில் எண்ணெய் ஊற்றின. பழ வியாபாரிகள் தெருவுக்குள் நுழையத் தடுக்கப்பட்டார்கள்.

நீதிமன்றங்கள் பிறகு என்ன சொல்லின? 2020 ஜூனில் மதுரைக் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் 31 பேர் ஏற்கெனவே போதிய துன்பத்தை அனுபவித்துவிட்டதாகக் கூறி அவர்களுக்கு நிவாரணம் அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும் ஊடகங்கள் பெரும் பிரச்சாரம் செய்தன என்றும் கண்டித்து வழக்குகளை ரத்து செய்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தியர்கள் 70 பேர் மீதான 16 வழக்குகளை ரத்து செய்தது. பொய் பரவ ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. டெல்லி வழக்குகள் ரத்தாக ஐந்தாண்டுகள் ஆயின. அந்தப் பொய்யைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தீர்ப்பைப் பார்த்திருப்பார்கள்?

நாம் ஃபார்வர்ட் செய்யும் ஒரு தகவலால் வேறொரு சமூகத்தாரோ தனி மனிதரோ இதே காயத்தைப் படக் கூடாது. அநீதியின் வலியை அறிந்தவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு.

"நான் எழுதவில்லை, அனுப்பினேன்"

பலரும் சொல்லும் சமாதானம் இது. சட்டம் இதை ஏற்பதில்லை. நடிகர் எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018இல் முகநூலில் பகிர்ந்தார். தான் எழுதியதல்ல, வந்ததைப் பகிர்ந்தேன் என்றார். நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்தன. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்து சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மார்க்கமும் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு செய்தி வந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தாதபடி அதைத் தீர விசாரிக்கச் சொல்கிறது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம். ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்ததும் அதுவே. யார் சொன்னார், யாரிடம் கேட்டுச் சொன்னார், அவர் நம்பகமானவரா, இருவரும் சந்தித்திருக்க முடியுமா, இடையில் ஒருவர் விடுபட்டுள்ளாரா என்று ஒவ்வொரு அறிவிப்பாளர் வரிசையையும் ஆராய்ந்தார்கள். "ஃபார்வர்ட் செய்யப்பட்டது" என்ற குறியோடு வரும் தகவலுக்கு அறிவிப்பாளர் வரிசையே இல்லை. அதை அனுப்பிய மாமா நல்லவர் என்பது அந்தத் தகவல் உண்மை என்பதற்கு ஆதாரமாகாது.

குடும்பங்களில் நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, கோபத்தையோ பயத்தையோ கிளப்பும் தகவல் வந்தால் உடனே அனுப்பாமல் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். தேதி இருக்கிறதா, ஊர் பெயர் இருக்கிறதா, பொறுப்பேற்கும் ஒருவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது இரண்டு செய்தி நிறுவனங்கள் தனித்தனியாக விசாரித்து வெளியிட்டுள்ளனவா என்று தேடுங்கள். வீடியோவில் ஒரு காட்சியைப் படமாக எடுத்து இணையத்தில் தேடினாலே அது பழையதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இதை வீட்டுப் பிள்ளைகள் அம்மா, நன்னிமார்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இரண்டாவதாக, நீங்களே ஒரு சம்பவத்தை நேரில் கண்டால் தயங்காமல் பதிவு செய்யுங்கள். இடம், நேரம் தெரியும்படி தொடர்ச்சியாக எடுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள். அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்; நாளை அது சாட்சியாகலாம். பாதிக்கப்பட்ட குழந்தைகள், பெண்களின் முகத்தையும் அடையாளத்தையும் வெளியிடாதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். பொதுவெளியில் போடும் முன் பொறுப்புள்ள ஒரு நிருபரிடமோ வழக்கறிஞரிடமோ கொடுப்பது பல நேரம் அதிகப் பலன் தரும்.

மூன்றாவதாக, தவறான தகவலை அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால், அதே குழுவில் "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டால் படித்தவர் மனத்திலிருந்து அது அழியாது. நல்ல பத்திரிகைகள் திருத்தம் வெளியிடுவதைப் போன்றதுதான் இதுவும்.

நான்காவதாக, விசாரித்து எழுதும் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குங்கள். நம் பிள்ளைகளில் ஆர்வமுள்ளவர்களை இதழியல் படிக்க வையுங்கள். நம்மைப் பற்றித் தவறாக எழுதுகிறார்கள் என்று வருந்தும் சமுதாயம், செய்தி அறைக்குள் தன் பிள்ளைகளை அனுப்பவும் வேண்டும்.

கைப்பேசி ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சகத்தைக் கொடுத்திருக்கிறது. அந்த அச்சகத்தில் நிருபரும் நாம்தான், ஆசிரியரும் நாம்தான். அடுத்த தகவல் வரும்போது, விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போகும் முன், இதை என் பெயர் போட்டு வெளியிடுவேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு உண்டு என்று நம்புகிற நமக்கு அந்தக் கேள்வி கடினமானதல்ல.