கல்லுக்குள் நடக்கும் ஆக்சிஜன்

1897-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வால்தர் நெர்ன்ஸ்ட் ஒரு மின்விளக்கு செய்தார். அதில் ஒளிர்ந்தது உலோக இழையோ கரி இழையோ அல்ல. சிர்க்கோனியாவுடன் (சிர்க்கோனியம் ஆக்சைடு) கொஞ்சம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்து சுட்ட பீங்கான் குச்சி. குளிர்ந்திருக்கும்போது அதில் மின்சாரம் பாயாது. முதலில் தீக்குச்சியால் சூடுகாட்ட வேண்டும். அப்புறம் தானே பளீரென்று எரியும். (மின்விளக்குக்கே தீக்குச்சியா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள்.) டங்ஸ்டன் இழை வந்து விளக்கை ஓரங்கட்டிவிட்டது. பீங்கான் நிலைத்துவிட்டது.

குச்சிக்குள் நடந்தது என்ன என்று 1943-இல் கார்ல் வாக்னர் விளக்கினார். மின்சாரத்தைச் சுமந்தது எலெக்ட்ரான் அல்ல, ஆக்சிஜன் அயனி! சிர்க்கோனியம் அணு ஒன்றுக்கு இரண்டு ஆக்சிஜன் வேண்டும்; இட்ரியத்துக்கு ஒன்றரை போதும். ஆகவே இரண்டு இட்ரியம் நுழைந்தால் ஓர் ஆக்சிஜன் இடம் காலி. பதினைந்து கட்டைகளும் ஒரு காலிக் கட்டமும் உள்ள நகர்த்து விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? அதேபோல் பக்கத்து அயனி காலியிடத்துக்குத் தாவும். அது விட்டுவந்த இடத்துக்கு அடுத்தது தாவும். தாவத் தெம்பு தருவது வெப்பம். அப்படியானால் இட்ரியாவை அள்ளிக் கொட்டலாமே? கூடாது. சுமார் 8 சதவீதத்தைத் தாண்டினால் காலியிடங்கள் ஒன்றோடொன்றும் இட்ரியத்தோடும் சிக்கிக்கொண்டு நகர மறுக்கின்றன.

எரிபொருளிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் திட ஆக்சைடு எரிபொருள் கலத்தில், காற்றையும் எரிபொருள் வாயுவையும் பிரித்து ஆக்சிஜன் அயனியை மட்டும் கடத்தும் நடுச்சுவர் இதே பீங்கான்தான். தடித்த சுவருக்கு 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடு தேவை. அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் உலோகம் தாங்காது. சூட்டைக் குறைத்தால் அயனி மந்தமாகும். வழி, நடக்கும் தூரத்தைக் குறைப்பதுதான். 150 மைக்ரோமீட்டர் தகட்டை 10 மைக்ரோமீட்டர் படலமாக்கினால் மின்தடை பதினைந்தில் ஒரு பங்காகும். ஆனால் ஊசிமுனைத் துளை ஒன்று விழுந்தாலும் வாயு கசிந்து காரியம் கெடும்.

இன்னும் மெல்லியதாக்கினால்? 2008-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் அடுக்குகளுக்கு இடையே இந்தப் பீங்கானின் 1 நானோமீட்டர் படலத்தை வைத்து, அறை வெப்பநிலையை ஒட்டிக் கடத்துதிறன் பத்துக் கோடி மடங்கு கூடியதாக ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். உடனே சண்டை. ஓடுவது அயனியா, பக்கத்து அடுக்கின் எலெக்ட்ரானா? மின்சாரத்தை அளக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் எடை கூடிய ஆக்சிஜன்-18-ஐ ஒரு பக்கம் நுழைத்து, அது உண்மையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளக்கத் தொடங்கினார்கள்.