தம்பானூரிலிருந்து தீர்த்தன் நதிக்கு: ஒரு டிரவுட் மீன்பிடிப் பயணத் திட்டம்

வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்கள் வடதுருவத்தை ஒட்டிய ஆறுகளில் சால்மன் மீன் பிடித்த படங்களை அனுப்பும்போது, "நம்ம நாட்டில் இதெல்லாம் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. சால்மன் நம் ஆறுகளில் இல்லை என்பது உண்மையே. நம் மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படும் காலா மீன் வேறொரு இனம். ஆனால் சால்மனின் நெருங்கிய பங்காளி ஒன்று இமயமலையில் நீந்திக்கொண்டிருக்கிறது. அதுதான் பிரவுன் டிரவுட். அட்லாண்டிக் சால்மனும் இதுவும் 'சால்மோ' என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

இது நம் நாட்டுப் பூர்வீக மீன் அன்று. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டது. 1907-ல் நீலகிரியின் அவலாஞ்சியிலும், 1909-ல் குலு பள்ளத்தாக்கிலும் டிரவுட் குஞ்சு பொரிப்பகங்கள் ஏற்பட்டன. மூணாறு ராஜமலையிலும் டிரவுட் உண்டு. ஆயினும், வேகமாக ஓடும் பனிமலை நதியில் தூண்டில் போட வேண்டுமென்றால் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் நதியே ஏற்றது.

எப்போது போவது?

பயணத் தேதியை மீன்தான் தீர்மானிக்கிறது. டிரவுட் குளிர்காலத்தில் முட்டையிடும். ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி முடிய அங்கே டிரவுட் பிடிக்கத் தடை. எனவே கிறிஸ்துமஸ் விடுமுறை உதவாது. ஜூலை முதல் செப்டம்பர் முற்பகுதி வரை பருவமழை. நதி கலங்கிப் பெருகும், மலைச் சாலைகள் சரியும். 2023 ஜூலை வெள்ளத்தில் குலு மாவட்டம் பட்ட பாடு எல்லோரும் அறிந்ததே. ஆக, ஓண விடுமுறையும் பெரும்பாலும் கைகொடுக்காது. மிஞ்சுவது இரண்டு: பிள்ளைகளின் ஏப்ரல்–மே கோடை விடுமுறை, அக்டோபரில் சரஸ்வதி பூஜையை ஒட்டிய நாட்கள். மே கடைசியில் பனி உருகி நீர் கூடும் என்பதால் ஏப்ரல் நல்லது.

எப்படிப் போவது?

நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. தம்பானூர் ஸ்டேஷனில் புறப்படும் கேரளா எக்ஸ்பிரஸ், இரண்டு இரவுகள் கழிந்து மூன்றாம் நாள் புதுதில்லி சேர்கிறது. சுமார் 3,000 கிலோமீட்டர். தில்லி காஷ்மீரி கேட்டில் மணாலி செல்லும் இரவு பஸ்ஸில் ஏறி, மறுநாள் காலை ஔட் என்ற ஊரில் இறங்க வேண்டும். அங்கிருந்து லார்ஜி வழியாகப் பஞ்சார், குஷைனி. போக நான்கு நாள், வர நான்கு நாள், அங்கே நான்கு நாள் என்று பன்னிரண்டு நாள் ஒதுக்கவும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கோடை விடுமுறைக்கு அன்றைக்கே எடுத்துவிடுவது உத்தமம்.

அனுமதியும் கருவியும்

மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை மீன், எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும் என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளவும். மேலே உள்ள மகா இமாலய தேசியப் பூங்காவுக்குள் நுழையத் தனி அனுமதி வேண்டும்.

ஆறேழு அடி நீளமுள்ள மெல்லிய கம்பு, சுருள் சக்கரம், மினுங்கும் சிறு உலோகத் தகடு போன்ற செயற்கை இரை, இவை போதும். டிரவுட் பாறை மறைவில், நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று இரைக்குக் காத்திருக்கும். ஆகவே நாம் பின்புறமாக, அதாவது கீழிருந்து மேலாக, சத்தமில்லாமல் நடக்க வேண்டும். விடப்போகும் மீனை ஈரக் கையால்தான் தொடலாம். உலர்ந்த கை அதன் மேல்பூச்சை உரித்துவிடும்.

ஆற்றை நம்பாதீர்கள்

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முக்கியம். 2014 ஜூன் 8 அன்று, ஔட் வருகிற வழியில் தலோட் அருகே பியாஸ் நதிப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரும் உடன் வந்த சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். முழங்கால் அளவு தண்ணீர் சில நிமிஷங்களில் பெருவெள்ளமானது. நம் கரமனையாற்றையும் தாமிரபரணியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேகம் புரியாது.

எனவே அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே வேண்டாம். தீர்த்தனில் பெரிய அணை இல்லாவிட்டாலும், மலை உச்சியில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே வந்து சேரும். நீர் திடீரெனக் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, "இன்னும் ஒரு தடவை வீசிப் பார்த்துடறேன்" என்று நிற்காமல் உடனே கரையேறுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு அன்று.

மீன் கிடைக்காவிட்டாலும் குழந்தைகள் ஏமாற வேண்டாம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால், குலு–மணாலி சாலையில் பட்லிகுல் என்னுமிடத்தில் உள்ள அரசு டிரவுட் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். முட்டையிலிருந்து பெரிய மீன் வரை அங்கே கண்ணாரக் காணலாம்.