மின்சாரம் வரும் வழி – 14: சர்வர் அறைக்குள் ஒரு மின்நிலையம்

ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் அடியில் ஆண்டுதோறும் சேரும் மண்ணைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நீர்த்தேக்கத்துக்கு மேலே, கேமரன் மலையின் வடபகுதியில், கோலா தெர்லாவில் ஒரு மின்நிலையம் இருக்கிறது. 1960களில் உருவான கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் இதுதான் ஆகச் சிறியது. இதன் திறன் அரை மெகாவாட், அதாவது 500 கிலோவாட். கம்போங் ராஜா நிலையம் 0.8 மெகாவாட், ராபின்சன் அருவி நிலையம் 0.9, ஹாபு 5.5. தெலோம் ஆற்று நீர் சுரங்கம் வழியாகப் பெர்தாம் பக்கம் திருப்பப்பட்டு ரிங்லெட்டில் தேங்குகிறது. அங்கிருந்து பேராக் பக்கம் இறங்கி ஜோர் நிலையத்தில் 100 மெகாவாட்டையும், அதற்கும் கீழே வோ நிலையத்தில் 150 மெகாவாட்டையும் தருகிறது. மலையைக் குடைந்து, ஆற்றைத் திருப்பி, தேங்கும் சேற்றை இன்றுவரை வாரிக்கொட்டிப் பெறும் மின்சாரம் இது. அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்றை இந்த வாரம் எடுத்துக்கொள்வோம்: அரசாங்கத்தின் தரவு மையங்கள். அடையாள அட்டை, வருமான வரி, மருத்துவமனைப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, நிலப்பட்டா எல்லாமே இன்று ஏதோ ஒரு சர்வருக்குள் இருக்கின்றன. அந்தச் சர்வர்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. தெர்லா நிலையத்தின் அளவுள்ள மின்சாரத்தைப் புதிதாக ஓர் ஆற்றைத் தொடாமல் அந்த அறைகளுக்குள்ளேயே எடுக்க முடியும் என்பதே என் வாதம்.

கணக்கு எளிது. ஒரு தரவு மையத்துக்குள் நுழையும் மொத்த மின்சாரத்தைச் சர்வர்களும் அவற்றோடு சேர்ந்த கருவிகளும் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். பி.யு.இ. என்று சொல்லப்படும் இந்த அளவுகோலைத் தி கிரீன் கிரிட் என்ற அமைப்பு 2007-இல் முன்வைத்தது. 2016-இல் அது அனைத்துலகத் தரநிலையாகவும் ஆனது. எண் 1 என்றால் வந்த மின்சாரம் முழுதும் சர்வருக்கே போயிற்று என்று பொருள். 2 என்றால் சர்வருக்குப் போன ஒவ்வொரு யூனிட்டுக்கும் இன்னொரு யூனிட் குளிர்சாதனத்திலும் யூ.பி.எஸ். கருவியிலும் விளக்கிலும் கரைந்தது என்று பொருள். சர்வர்கள் மட்டும் 1 மெகாவாட் எடுக்கும் ஒரு மையத்தை வைத்துக்கொள்வோம். எண் 2 ஆக இருந்தால் அது இழுப்பது 2 மெகாவாட். அதை 1.5-க்கு இறக்கினால் 1.5 மெகாவாட். மிச்சம் அரை மெகாவாட், அதாவது ஒரு தெர்லா. ஆண்டு முழுவதற்கும் 4.38 மில்லியன் யூனிட். ஒரு யூனிட்டை வெறும் 40 சென் என்று வைத்தாலும் 1.75 மில்லியன் ரிங்கிட் ஆகிறது. மழை குறைந்தால் ஆற்று நிலையம் முழுத்திறனில் ஓடாது. சர்வர் அறையில் மிச்சமாகும் மின்சாரமோ வறட்சியிலும் மிச்சந்தான். ஆகவே உண்மையில் இது தெர்லாவைவிடப் பெரிய நிலையம்.

2-லிருந்து 1.5-க்கு இறங்கப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். பழைய சர்வர் அறைகளில் மின்சாரம் வீணாவதற்கு முதற்காரணம் காற்று போகிற வழி. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் தொட்டியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கொழுந்தை ஒரே சீராகப் பரப்பாவிட்டால், விசிறி தள்ளும் காற்று மெலிந்த இடத்தைப் பார்த்து வெளியேறிவிடும். தடித்த இடத்தில் கொழுந்து வாடாது. விசிறியை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. சர்வர் அறையிலும் இதுவே நடக்கிறது. அடுக்கில் ஒரு சர்வரைக் கழற்றிய இடம் மூடப்படாமல் கிடக்கும். பின்பக்கம் வெளியேறிய சூடான காற்று அந்த ஓட்டை வழியே முன்பக்கம் திரும்பி வந்து, மேலே உள்ள சர்வருக்குள் மறுபடி நுழையும். தரையில் கேபிள் இறங்கும் துளைகள் வழியே குளிர்காற்று ஒழுகிப் போகும். ஓரிடத்தில் சூடு ஏறியதைக் காணும் பணியாளர் முழு அறையின் குளிரையும் கூட்டுவார். ஓட்டையை மூட ஒரு தகடு போதும், துளையை அடைக்க ஒரு தூரிகைச் சட்டம் போதும். குளிர்ந்த வரிசையையும் சூடான வரிசையையும் திரையிட்டுப் பிரித்துவிட்டால் விசிறிகளின் வேகத்தைக் குறைக்கலாம். விசிறியின் வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால் அது எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி மின்தேவை மாறும் என்பது பொறியியலின் பழைய விதி.

அடுத்தது வெப்பநிலை. அரசாங்க அலுவலகங்களில் குளிர்சாதனத்தை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது என்று இந்நாட்டில் 2011-லேயே உத்தரவு வந்தது. அதே கட்டடத்தின் சர்வர் அறையை 18, 20 டிகிரியில் உறையவைக்கும் பழக்கம் மட்டும் எளிதில் போவதில்லை. சூடு கூடினால் சர்வர் கெட்டுவிடும், மக்கள் சேவை நின்றுவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. குடிநுழைவுத் துறையின் கணினி ஒரு மணி நேரம் நின்றால் விமான நிலையத்தில் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, சர்வர் தயாரிப்பாளர்களையும் உட்காரவைத்து வகுத்த பரிந்துரை, சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. 2008 முதல் இதுவே நடப்பு. நம்மைப் போலவே வெக்கையும் ஈரப்பதமும் மிகுந்த சிங்கப்பூர், 2023-இல் வெப்பமண்டலத் தரவு மையங்களுக்கென்றே தரநிலை வகுத்து, 26 டிகிரிக்கும் மேலே படிப்படியாகப் போகச் சொல்கிறது. ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் குளிரூட்டும் செலவில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. படிப்படியாக என்பதைக் கவனிக்க வேண்டும். காற்றின் வழியைச் சீராக்காமல் வெப்பநிலையை மட்டும் ஏற்றினால் சில சர்வர்கள் உண்மையிலேயே வெந்துபோகும். ஓரளவுக்கு மேல் ஏற்றினால் சர்வருக்குள் இருக்கும் சிறு விசிறிகள் வேகமெடுத்து, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். அந்தச் சமயத்தில் பி.யு.இ. மட்டும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், ஏனென்றால் அந்த விசிறிகள் சர்வரின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

இந்த அளவுகோலின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது. சர்வர் என்ன வேலை செய்கிறது என்று பி.யு.இ. கேட்பதே இல்லை. யாரும் பயன்படுத்தாத சர்வரை அணைத்தால் மின்கட்டணம் குறையும், ஆனால் எண் மோசமாகும். வகுக்கும் தொகை சுருங்குகிறது அல்லவா? கூகுளின் பொறியாளர்கள் பரோசோவும் ஹோல்ஸ்லும் 2007-லேயே எழுதினார்கள்: அன்றைய சர்வர் சும்மா இருக்கும்போதும் தன் உச்ச அளவில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்தை எடுக்கிறது. ஜொனதன் கூமியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2015-இல் ஆராய்ந்த சர்வர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஆறு மாதமோ அதற்கு மேலோ எந்தப் பயனுள்ள வேலையும் செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தன. அரசாங்கத்தில் இதற்கான காரணங்கள் இன்னும் கூடுதல். புதிய முறைக்கு மாறிய பிறகும் பழைய சர்வர் ‘ஒருவேளை தேவைப்படலாம்’ என்று ஓடும். அதை வாங்கிய அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். அணைக்கக் கையெழுத்திடுபவர் மேல் பழி வரலாம். ஓடவிட்டால் யார் மேலும் வராது. மின்கட்டணத்தைக் கட்டுவதோ கணினிப் பிரிவு அல்ல, கட்டட நிர்வாகம். ஆகவே பி.யு.இ.யோடு சர்வர் எவ்வளவு நேரம் உழைக்கிறது என்ற எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இதைப் பெரிய அளவில் முயன்ற அரசாங்கம் அமெரிக்காவினுடையது. விவேக் குந்திரா கூட்டரசின் தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்த 2010-இல் தரவு மைய ஒருங்கிணைப்புத் திட்டம் தொடங்கியது. 2016-இல் வந்த உத்தரவு, பழைய மையங்களுக்கு 1.5, புதியவற்றுக்கு 1.4 என்று பி.யு.இ. வரம்பு வைத்தது, சர்வர்களின் உழைப்பு நேரத்துக்கும் இலக்கு வைத்தது. ஆயிரக்கணக்கான மையங்கள் மூடப்பட்டன. மிச்சமான தொகை பில்லியன் டாலர் கணக்கில். இருந்தும் அங்கே வெளிப்பட்ட கோளாறுகளில்தான் நமக்குப் பாடம் அதிகம். உழைப்பை அளக்கும் தானியங்கிக் கருவிகளை மிகச் சில துறைகளே முழுதாகப் பொருத்தியிருந்தன என்று நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017-இல் கண்டது. 2019-இல் ‘தரவு மையம்’ எது என்பதற்கான வரையறையே மாற்றப்பட்டது. பெரும் எண்ணிக்கையிலான சிறு மையங்கள் கணக்கிலிருந்தே விழுந்தன. அலுவலக மூலையில் இருக்கும் சிறு சர்வர் அறைதான் ஆக அதிகமாக வீணடிப்பது. அதைக் கணக்கில் சேர்க்காத திட்டம் தாளில் நன்றாக இருக்கும்.

மலேசியாவும் இதே இடத்தில் வழுக்கக்கூடும். 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், ஆண்டுக்கு 21,600 கிகாஜூலுக்கு மேல் செலவிடும் பயனீட்டாளர்கள் எரிசக்தி மேலாளரை நியமிக்கவும் தணிக்கை செய்யவும் சொல்கிறது. அந்த வரம்பு 6 மில்லியன் யூனிட். மொத்தம் 200 கிலோவாட் இழுக்கும் ஓர் அறை ஆண்டுக்கு 1.75 மில்லியன் யூனிட்டைத்தான் எட்டும்; தனியாகப் பார்த்தால் சட்டத்தின் கண்ணில் படாது. அலுவலகக் கட்டடத்தின் பொதுக் கட்டணத்தோடு கலந்திருந்தால் அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. அதற்குத் தனி மீட்டர் வைப்பதே முதல் வேலை. இந்த அரசாங்கத்தால் முடியாதது அல்ல இது. 2004-இல் எரிசக்தி அமைச்சுக்கென்று புத்ராஜெயாவில் எழுந்த லியோ கட்டடமும், 2010-இல் எரிசக்தி ஆணையத்துக்கு எழுந்த வைரக் கட்டடமும் வழக்கமான அலுவலகத்தின் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் இயங்கிக் காட்டின. அவற்றை வேறுபடுத்தியது திட்டமிடும்போதே இலக்கு எண்ணை எழுதிவைத்து, கட்டிய பிறகும் அளந்ததுதான்.

ஜொகூரில் எழும் தனியார் மையங்கள் நூற்றுக்கணக்கான மெகாவாட்டில் பேசும்போது அரசாங்க அறைகள் தூசுதானே என்று கேட்கலாம். அளவில் அப்படித்தான். ஆனால் தன் சொந்த அறையின் எண்ணைச் சொல்லாத அரசாங்கம், தனியாரிடம் எந்த முகத்தோடு எண்ணைக் கேட்கும்? மேலும் தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. நிலக்கரி பெரும்பாலும் கப்பலேறி வருவது. கட்டணம் வரிப்பணம். இன்னொரு யோசனையும் காதில் விழுவதுண்டு: குளிர்ந்த கேமரன் மலையிலேயே மையத்தைக் கட்டினால் குளிர்சாதனமே வேண்டாமே! காற்று தோதானதுதான். ஆனால் இரண்டு தனித்தனி மின்தொடர், வெவ்வேறு வழியில் வரும் கண்ணாடியிழைக் கேபிள், எப்போதும் திறந்திருக்கும் சாலை இல்லாமல் தரவு மையம் இல்லை. மண் சரிந்து சாலை அடைபடும் மலையில், தோட்டமும் காய்கறிப் பண்ணையும் நிலத்துக்கு நெருக்கும் இடத்தில், இன்னொரு சரிவை வெட்டித் தளமாக்கினால் அந்த மண்ணும் ரிங்லெட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

மிஞ்சுவது மேகக்கணினி. 2021 பிப்ரவரியில் வெளியான மைடிஜிட்டல் திட்டம், அரசாங்கத் தரவில் 80 விழுக்காட்டை 2022 இறுதிக்குள் கலப்பு மேகக்கணினிக்கு மாற்ற இலக்கு வைத்தது. பெரிய நிறுவனங்களின் மையங்கள் சிறு அறைகளைவிட மிகச் சிக்கனமானவை என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 2010க்கும் 2014க்கும் இடையே தரவு மையங்களின் மின்தேவை ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே கூடியதற்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம். ஆனால் தரவு போன பிறகும் பழைய அறை ஓடிக்கொண்டிருந்தால் செலவு இரட்டிப்பாகும். ஆகவே ஒவ்வொரு மேகக்கணினி ஒப்பந்தத்திலும் இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: அமைச்சின் வேலைக்கு எவ்வளவு மின்சாரம் செலவானது என்று நிறுவனம் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும், எந்த அறையின் எந்தச் சர்வர்கள் எந்தத் தேதியில் அணைக்கப்படும் என்று அமைச்சு எழுதித் தர வேண்டும். 2023 டிசம்பரில் கோபிந்த் சிங் டியோவின் பொறுப்பில் உருவான இலக்கவியல் அமைச்சும், அதன் கீழ் இயங்கும் தேசிய இலக்கவியல் துறையும் இதை ஒரு சுற்றறிக்கையால் தொடங்கலாம். அணைத்த சர்வர்களின் பட்டியலும், மீதியுள்ள அறைகளின் மாத மீட்டர் அளவும் வெளியிடப்பட்டால், புதிய மின்நிலையம் கேட்கும் எவரும் முதலில் அந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.