வால்வுகளின் உலகம் – 17: பாதியில் நிறுத்து, பிறகு கரண்ட் கொடு

கால் சுற்றில் திறந்து மூடும் பிளக் வால்வைப் போன வாரம் பிரித்துப் பார்த்தோம், நினைவிருக்கும். இந்த வாரம் அதன் தலையில் வால்வைச் சுற்றும் மோட்டார், அதாவது ஆக்சுவேட்டர், ஏறுகிறது.

ஏற்றுவது பெரிய வேலையில்லை. ஸ்டெம்மின் நுனியில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அது குழாயின் போக்கில் இருந்தால் வால்வு திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வால்வை மூடி, ஆக்சுவேட்டரையும் ஹேண்ட்வீலால் மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, கப்ளிங்கைச் செருகி, பிராக்கெட்டில் போல்ட் போட வேண்டும். ஐஎஸ்ஓ 5211 தரத்தில் எஃப்10 ஃபிளாஞ்ச் என்றால் 102 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் நான்கு எம்10 போல்ட். எந்த நாட்டில் செய்த ஆக்சுவேட்டரானாலும் இதே அளவுதான்.

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது அடுத்த படி. முதன்முறை கரண்ட் கொடுக்குமுன், வால்வைக் கையால் சுற்றிப் பாதி திறந்த நிலையில் நிறுத்த வேண்டும். ஏன் பாதியில்?

மூன்று பேஸ் மோட்டாரில் ஏதாவது இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். 'திற' பொத்தானை அழுத்துகிறீர்கள். வால்வு மூடிக்கொள்ளப் போகிறது. மூடி முடித்ததும், எல்லையில் நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச் தட்டுகிறது. ஆனால் அது துண்டிப்பது 'மூடு' சர்க்யூட்டை மட்டும். ஓடிக்கொண்டிருப்பதோ 'திற' சர்க்யூட்! விசை மீறினால் நிறுத்த வேண்டிய டார்க் சுவிட்சும் அதே போலத் திசைவாரியாகத்தான் இணைக்கப்பட்டிருக்கும். காவலுக்கு வைத்த இருவரும் வேறு வாசலில் நிற்கிறார்கள். மோட்டார் முட்டிக்கொண்டே முறுக்கும். ஓவர்லோடு ரிலே கைகொடுக்காவிட்டால் காயில் கருகும், இல்லை கப்ளிங்கின் சாவி அறுந்துபோகும்.

ஒயர் மாறியிருக்கும்போது, மூடிய நிலையில் பொருத்தியதை அப்படியே 'திற' என்று ஆன் செய்தால் முதல் நொடியிலேயே முட்டல்தான். பாதியில் நின்றிருந்தால், பொத்தானைத் தொட்டு விட்டு, வால்வின் நிலையைக் காட்டும் சுட்டுமுள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க அவகாசம் உண்டு. தப்பாக நகர்ந்தால் சப்ளையைத் துண்டித்து, இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். பேஸ் வரிசையைத் தானே திருத்திக்கொள்ளும் ஆக்சுவேட்டர்கள் வந்துவிட்டன. ஆனாலும் இந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

கட்டளை வேறு, அசைவு வேறு என்பதை உலகமே பார்த்தது 1979 மார்ச் 28-ல். அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கண்ட்ரோல் ரூமில் அதற்கான விளக்கு அணைந்ததால், மூடிவிட்டது என்று நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியது வால்வுக்குப் போன கட்டளையை. வால்வின் நிலையை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

டார்க் சுவிட்சை எந்த அளவில் வைப்பது என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. அதற்குள் மோட்டார் வால்வு பொருத்தப் போகிறவர்கள், பேனல் விளக்கை நம்புமுன் வால்வின் அருகே போய்ச் சுட்டுமுள்ளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.