மரத்துக்கு மரம் சரி, கூரைக்கு யார் பொறுப்பு?

பத்து மூடை சீனி எடுப்பதற்கு நாம் நான்கு இடத்தில் விலை கேட்போம். லொறி வாடகையில் ஐந்நூறு ரூபா குறைப்பதற்கு அரை மணித்தியாலம் பேசுவோம். ஆனால் வீட்டுக் கூரைக்கு மேலாகச் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டும் விடயத்தில் மாத்திரம், வாசலுக்கு வந்த முதல் ஆளிடம் "மரத்தை நீங்களே எடுத்துக்கொண்டு வெட்டித் தாருங்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கையால் ஒரு சதமும் போகவில்லை என்ற திருப்தி வேறு. நம்மவர்கள் செய்யும் பேரங்களில் இதைவிட மோசமான பேரம் குறைவு என்பது எனது அபிப்பிராயம்.

எனக்குத் தெரிந்த ஒரு புடவைக் கடைக்காரர், கிழக்கைச் சேர்ந்தவர், தமது வளவில் நின்ற பெரிய வேப்பமரத்தை இவ்வாறுதான் கொடுத்தார். மரம் வாங்கியவருக்கு நீளமான அடிமரம் தேவை. பத்தடித் தடிக்கு மரக்காலையில் கிடைக்கும் விலை நாலடித் துண்டுகளுக்குக் கிடைக்காது. ஆகவே மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டிய மரத்தை அவர் ஒரேயடியாகச் சாய்த்தார். மதில் போனது. அயல் வீட்டுக் குசினியின் அஸ்பெஸ்டஸ் கூரையும் போனது. வெட்டியவர் அன்று மாலையே அடிமரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்; கிளைகளும் சண்டையும் வீட்டுக்காரருக்கு மிஞ்சின. மதிலையும் கூரையையும் திருத்திய செலவில் நல்ல ஆட்களைக் கொண்டு இரண்டு மரங்களை இறக்கியிருக்கலாம்.

வெட்டியவரைக் கெட்டவர் என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவருடைய இலாபம் மரத்தில் இருந்தது, வீட்டில் இருக்கவில்லை. பேரமே அப்படிப் பேசப்பட்டிருந்தது.

நமது ஊர்களின் மரங்கள்

காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்குறணை, பேருவளை போன்ற நமது ஊர்களில் மரம் ஆபத்தாக மாறுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பாட்டனார் நாற்பது பேர்ச் வளவின் நடுவில் நட்ட மரம் அது. அந்த வளவு பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாக நான்காகப் பிரிந்தது. நான்கு வீடுகள், நான்கு மதில்கள், நான்கு மலசலகூடக் குழிகள். ஒவ்வொரு அத்திவாரம் வெட்டும்போதும் அந்த மரத்தின் வேர் ஒரு பக்கத்தால் அறுக்கப்பட்டது. மேலே பார்த்தால் மரம் பச்சையாகவே இருக்கும், காய்க்கவும் செய்யும். கீழே பிடிமானம் பாதியாகக் குறைந்திருக்கும். அவ்வாறான மரம் விழுவதற்குச் சூறாவளி தேவையில்லை. இரண்டு நாள் மழையில் மண் ஊறி, ஒரு காற்று அடித்தால் போதும்.

1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு விழும் மரம் என்ன செய்யும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கொழும்பில் இருப்போருக்கு 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி ஞாபகம் இருக்கும். கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மீது மரம் விழுந்து ஐந்து பேர் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளிக்குப் பிறகு மரத்தைப் பார்த்தாலே பயப்படுபவர்களும் கூடியிருக்கின்றனர். அந்தப் பயத்தில் நல்ல மரங்களையும் வெட்டிச் சாய்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. மரம் நடுவதைத் தர்மமாகக் கற்ற சமூகம் நாம். நிழல் போனால் வீட்டில் வெப்பம் கூடும், மின்சாரப் பில்லும் கூடும். பல மரங்களுக்கு இரண்டு கிளைகளைக் கழிப்பதே போதுமானது.

எந்த மரத்தை எடுக்கத்தான் வேண்டும்? முதலில் அடியைப் பாருங்கள். மரம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது மாத்திரம் குற்றமல்ல. சாய்ந்தபடியே வளர்ந்து ஐம்பது வருடம் நிற்கும் மரங்கள் உண்டு. ஆனால் சமீபத்தில் சாய்ந்திருந்தால், சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்தோ மேலே எழும்பியோ இருந்தால், தாமதிக்க வேண்டாம். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பூத்திருந்தால் உள்ளே உக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கத்திப் பிடியால் தட்டிப் பாருங்கள்; பொந்துச் சத்தம் கேட்டால் விடயம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து வருவது வேர் செத்து வருவதன் அறிகுறியாக இருக்கலாம். தென்னையில் சிவப்புக் கூன்வண்டு விழுந்து துளைகளால் சாறு வடிந்தால், வட்டு எந்நேரமும் முறிந்து விழலாம். அல்பீசியா போன்ற விரைவாக வளரும் மென்மரங்கள் நோய் இல்லாமலே கிளை முறிப்பவை. அவற்றை வீட்டுக்குக் கிட்ட வைத்திருக்கவே கூடாது. மதில் வெடிப்பில் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளை விரல் தடிப்பில் இருக்கும்போதே வேரோடு எடுக்க வேண்டும். மேலே மட்டும் நறுக்கினால் மீண்டும் தழைத்து மதிலைப் பிளக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மேற்கிலும் தெற்கிலும் உள்ளவர்கள் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்குமுன், பெப்ரவரி, மார்ச்சில் வேலையை முடித்துவிடுவது நல்லது. கிழக்கில் ஒக்டோபருக்கு முன்னர் முடிய வேண்டும். ஆனால் அங்கே அதற்கு முந்திய மாதங்களில் பின்னேரங்களில் கச்சான் காற்று உரமாக வீசும் என்பதால், காலை வேளையில் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். மழை தொடங்கிய பின்னர் ஆள் தேடினால் கேட்ட கூலியைத்தான் கொடுக்க வேண்டிவரும். சரக்கு வாங்கும் நமக்கு இது விளங்காத விடயமல்ல.

அனுமதி

சொந்தக் காணியில் நிற்கும் மரம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாட்டு)ச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. தென்னைக்கும் கட்டுப்பாடு உண்டு. உணவு தரும் மரங்கள் என்பதே காரணம். பலாவை நாடெங்கும் நடச் செய்த ஆர்தர் வி. டயஸ் என்பவரைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா' என்று இன்றும் அன்போடு சொல்வர்.

கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி பிரதேச செயலகத்தில் அனுமதி பெற வேண்டும். காணி உறுதியின் பிரதியையும், மரத்தால் வீட்டுக்கு ஆபத்து என்பதைக் காட்டும் இரண்டு மூன்று படங்களையும் கொண்டு போனால் வேலை இலகுவாகும். நமது ஊர்களில் அடிக்கடி சிக்குவது இன்னொரு இடத்தில். உறுதி இன்னும் பிரிக்கப்படாமல் சகோதர சகோதரிகளின் பொதுப் பெயரில் இருக்கும். ஒருவர் மட்டும் போய் மரத்தை வெட்டி விற்றுவிட்டால் அந்தப் பணத்துக்காகக் குடும்பமே நீதிமன்றம் ஏறும். ஆகவே எல்லாப் பங்காளிகளிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு அனுமதி, ஏற்றிச் செல்வதற்கு அனுமதி என்று இரண்டும் வேறு வேறு. தேக்கு போன்ற மரங்களை லொறியில் ஏற்றுவதற்கு வனத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை யார் எடுப்பது என்பதைப் பேரம் பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். வீதியில் பொலிஸார் மறித்த பிறகு பேசுவதில் பயனில்லை.

மின்கம்பிக்குக் கிட்ட நிற்கும் மரமென்றால் உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவர்கள் வந்து மின்சாரத்தை நிறுத்தித் தந்த பிறகே மரத்தில் ஆள் ஏற வேண்டும். "நாங்கள் பார்த்துக்கொள்வோம் ஹாஜி" என்று சொல்லும் மரமேறியின் பேச்சுக்கு இந்த ஒரு விடயத்தில் இடம் கொடுக்கவே வேண்டாம்.

இரண்டு வியாபாரம், இரண்டு பேச்சு

இனிப் பேரத்துக்கு வருவோம். ஆபத்தான இடத்தில் நிற்கும் மரத்தை அகற்றுவது ஒரு வேலை. கிடைக்கும் தடியை விற்பது இன்னொரு வியாபாரம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நமக்குக் கணக்குத் தெரியாமல் போகிறது. உதாரணத்துக்கு, தடியின் பெறுமதி 50,000 ரூபா, பத்திரமாக இறக்கும் கூலி 70,000 ரூபா என்று வையுங்கள். வெட்டுகிறவருக்குத் தடியைக் கொடுத்தால் அவர் 70,000 ரூபா வேலையை 50,000 ரூபாவுக்குள் அடக்க வேண்டும். எங்கே குறைப்பார்? கயிற்றில், ஆளில், நேரத்தில்தான். மாறாக, கூலி 20,000 ரூபாவும் தடி 80,000 ரூபாவும் என்றால் நீங்கள் அறியாமலே 60,000 ரூபாவை இனாமாகக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு விலையையும் தனித்தனியே கேட்டால்தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரியவரும். ஒருவரே இரண்டையும் செய்தாலும் பரவாயில்லை. கூலி இவ்வளவு, தடியின் விலை இவ்வளவு என்று வேறாக எழுதி, பின்னர் கழித்துக்கொள்ளலாம்.

மார்க்க ரீதியாகவும் இதில் யோசிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், அரைத்த மாவில் ஒரு பகுதியையே கூலியாக வைத்து மாவரைக்க ஆள் அமர்த்துவதும், உரித்த தோலையே கூலியாக வைத்துத் தோலுரிக்க அமர்த்துவதும் செல்லாத ஒப்பந்தங்கள். இமாம் நவவியின் மின்ஹாஜில் இஜாரா பாடத்தில் இவை வருகின்றன. வேலை முடியுமுன் கூலி எவ்வளவு, எப்படிப்பட்டது என்பது தெளிவில்லை என்பது ஒரு காரணம். வெட்டிய மரத்தையே வெட்டுக் கூலியாகக் கொடுப்பது இதற்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள். தீர்ப்புச் சொல்வது எனது வேலையல்ல. ஆனால் உள்ளே பொந்தாகிப்போன மரத்தை வெட்டிய பின்னர் "கூலிக்கும் காணாது நானா, மேலே ஏதாவது தாருங்கள்" என்று ஆட்கள் வாசலில் நிற்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். தெளிவின்மை எங்கே போய் முடியும் என்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

கொந்தராத்துக்காரர் வந்து மரத்தைப் பார்க்கும்போது அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். அடிமரத்தை மட்டும் கையால் அணைத்து அளந்தால் அவர் தடி வியாபாரி. கூரை, மதில், கம்பி, குழி, லொறி வரும் பாதை என்று சுற்றிப் பார்த்தால் வேலை தெரிந்தவர். "எப்படி இறக்குவீர்கள்?" என்று கேளுங்கள். வீட்டுக்குக் கிட்ட நிற்கும் மரமென்றால், முதலில் கிளைகளைக் கயிற்றில் கட்டி ஒவ்வொன்றாக இறக்குவோம், பின்னர் அடிமரத்தை மேலிருந்து துண்டுகளாக அறுப்போம் என்ற பதில் வர வேண்டும். முழுதாகச் சாய்க்கலாம் என்றால், மரத்தின் உயரத்தைவிடக் கூடுதலான வெற்றிடம் விழும் பக்கத்தில் இருக்க வேண்டும். விழும் பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் அறுக்கும்போது நடுவில் கொஞ்சம் அறுக்காமல் விடுவார்கள். அந்தப் பிடிதான் மரத்தைத் திருப்பிவிடாமல் காக்கும். உள்ளே உக்கிய மரத்தில் அந்தப் பிடியை நம்ப முடியாது. அதற்கு பூம் லொறியோ கிரேனோ கொண்டு வருபவர்தான் பொருத்தமானவர். வாடகை கூடத்தான், என்றாலும் கூரையை விடக் குறைவு.

செயின் சோ மெஷின்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019இல் அரசாங்கம் அறிவித்தது. பதிவுத் துண்டைக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட வேண்டாம். பாதுகாப்புப் பட்டியும் தலைக்கவசமும் இல்லாமல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுபவரை உங்கள் வளவில் ஏற விடாதீர்கள். அவர் விழுந்தால் அவருடைய பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டிவரும்.

பேச்சு முடிந்ததும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எந்த மரம், எந்த முறை, எத்தனை நாள், கிளையும் குப்பையும் யார் அகற்றுவது, அடிக்கட்டை எடுப்பதா இல்லையா, மதிலோ கூரையோ உடைந்தால் யார் திருத்துவது, ஆளுக்குக் காயம் என்றால் யார் பொறுப்பு. முற்பணத்தைக் குறைவாகக் கொடுத்து, மிகுதியைக் குப்பை போன பிறகு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்; கடைக்கு வாருங்கள், நாளைக்கு வாருங்கள் என்று அலைக்கழிக்க வேண்டாம். வீட்டுக்கோ கடைக்கோ தகாபுல், காப்புறுதி வைத்திருப்பவர்கள் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். புயலில் மரம் விழுந்தால் கிடைக்கும் நட்டஈடு, நாமே வெட்டும்போது விழுந்தால் கிடைக்குமா என்பதை முகவரின் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

அயலவரின் மரம் உங்கள் கூரைக்கு மேல் நின்றால் முதலில் சலாம் சொல்லிப் போய்ப் பேசுங்கள், செலவில் பாதியைத் தருவதாகவும் சொல்லுங்கள். பாதிச் செலவு வழக்கை விட மலிவு. ஒத்துவராவிட்டால் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபைகளில் இவ்வாறான அயல் பிணக்குகள் சட்டத்தரணி இல்லாமலே தீர்கின்றன.

அடிக்கட்டையை என்ன செய்வது என்று பலர் கேட்கின்றனர். அந்த இடத்தில் அறையோ மதிலோ கட்டும் எண்ணம் இருந்தால் வேரோடு எடுத்து, கல்லும் கிறவலும் போட்டு இடித்து நிரப்புங்கள். வேர் உக்கிய இடத்தில் போட்ட அத்திவாரம் சில வருடங்களில் கீழிறங்கும். அதுவுமல்லாமல் உக்கும் கட்டைக்குக் கறையான் வரும், அது அங்கேயிருந்து வீட்டுக் கதவு நிலைக்கு வரும். ஆனால் அக்குறணை, மாவனல்லை போன்ற சரிவான இடங்களில் உள்ளவர்கள் கட்டையைத் தோண்ட வேண்டாம். அங்கே மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். மேட்டில் நிற்கும் பெரிய மரத்தை எடுக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, வேரை விட்டுத் தண்டை மாத்திரம் அறுத்து, பக்கத்திலேயே உயரம் கூடாத வேறொரு கன்றை அந்த மழைக்குள் நட்டுவிடுங்கள்.