வேளை இன்னும் வரவில்லையோ?

பெயர் எழுதப்படாத பிறப்புச் சான்றிதழ் ஏதேனும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா?

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு அனுப்புவது நம் வழக்கம். திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ பிள்ளை பிறக்கும். பிறந்த இடத்திலேயே பதிவாகும். பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவ்விடம் காலியாக விடப்படும். சில மாதங்களில் தாயும் பிள்ளையும் மும்பைக்கோ டெல்லிக்கோ ரயிலேறிவிடுவார்கள். பிரதிஷ்டை ஆராதனையில் போதகர் ஜெபித்துப் பெயரிடுவார். சபை முழுவதும் அப்பெயரைச் சொல்லி அழைக்கும். சான்றிதழ் மாத்திரம் அதை அறியாது. அடுத்த முறை ஊருக்குப் போகையில் பார்ப்போம் என்கிறோம். அடுத்த முறை தங்கையின் திருமணம். அதற்கடுத்த முறை கன்வென்ஷன் கூட்டம்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மாவட்ட அல்லது உட்கோட்ட நடுவரின் உத்தரவு தேவைப்படும். பதிவான பிறப்பில் பிள்ளையின் பெயரை 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், பின்னர் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரையும் சேர்க்கலாம். இந்தப் பதினைந்து ஆண்டுகள்தாம் நம்மை உறங்கவைக்கின்றன! 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கோ, பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குச் சான்று இந்தச் சான்றிதழே.

விசுவாசிகளாகிய நமக்கு வேறொரு சாக்கும் உண்டு. கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கிறோம் என்போம். காத்திருத்தல் மேன்மையானதே. ஆனால் அவர் ஏற்கெனவே நம் கையில் தந்துவிட்ட வேலைக்கு அச்சொல் பொருந்தாது.

ஆகாய் தீர்க்கதரிசியின் நாட்களில் ஜனங்கள் சொன்னதும் இதுவே. ஆலயத்திற்கு அஸ்திபாரம் போட்டபின், ஏறக்குறைய 15 ஆண்டுகள் வேலை நின்றுகிடந்தது. எதிரிகள் தடுத்தது மெய்தான். எனினும் தீர்க்கதரிசி எதிரிகளைக் குறித்துப் பேசவில்லை. மச்சுப் பாவிய அவர்களுடைய சொந்த வீடுகளையே சுட்டிக்காட்டினார். முழு ஆலயத்தையும் ஒரே நாளில் எழுப்பச் சொல்லவுமில்லை. மலைக்குப் போய் மரம் கொண்டுவரும்படி சொன்னார். ஆறாம் மாதம் முதல் தேதியில் வார்த்தை வந்தது. 24ஆம் தேதியில் வேலை தொடங்கிற்று. கட்டி முடிக்கப் பின்னும் நான்கு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று என்பது வேறு காரியம்.

உங்கள் மலையும் தூரத்தில் இல்லை. இன்றிரவு குடும்ப ஜெபத்திற்குமுன் அந்தச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வையுங்கள். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள அண்ணனையோ மைத்துனரையோ தொலைபேசியில் அழைத்து, எந்தெந்தத் தாள்கள் வேண்டும், பெற்றோர் நேரில் வரவேண்டுமா என்று பதிவு அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.