கீதமா, கானமா, பாடலா?

புதுதில்லி: "வந்தே மாதரம்' இயற்றப்பட்டதன் 150-ஆவது ஆண்டையொட்டி, 2025 டிசம்பர் 8-ஆம் தேதி மக்களவையில் சிறப்பு விவாதம் நடைபெற்றது. விவாதத்தைத் தொடங்கிவைத்த பிரதமர் நரேந்திர மோடி, பாடலாசிரியர் பங்கிம் சந்திர சட்டோபாத்யாயவை "பங்கிம் தா' என்று குறிப்பிட்டார். வங்காளத்தில் "தா' என்பது அண்ணன் என்ற உரிமையில் அழைக்கும் சொல். திரிணமூல் காங்கிரஸின் மூத்த உறுப்பினர் சௌகதா ராய் உடனே எழுந்து, "பங்கிம் பாபு' என்று சொல்வதே மரியாதை என்றார். பிரதமரும் அதை ஏற்றுக்கொண்டு திருத்திக்கொண்டார்.

ஒரு சிறு விகுதிக்காக எழுந்த அந்தக் குறுக்கீடு மறுநாள் செய்தியானது. ஆனால், பாடலை எழுதியவரை எப்படி அழைப்பது என்பதைவிடப் பெரியதொரு கேள்வி, பாடலை எப்படி அழைப்பது என்பதாகும். நம் நாட்டில் அரசு மரியாதை பெற்ற இரு பாடல்களுக்கும் எந்தப் பெயர் சரியானது என்பதில் நூறாண்டுக்கும் மேலாகக் கருத்து வேறுபாடு நிலவி வந்துள்ளது. அது பண்டிதர்களின் சொற்போர் மட்டுமன்று. எழுந்து நிற்கும் கடமை, பாட மறுக்கும் உரிமை, மூன்றாண்டுச் சிறை என அனைத்தும் அந்தப் பெயரோடு பிணைக்கப்பட்டிருப்பவை.

மொழிக்கு மொழி மாறும் பெயர்

அரசமைப்புச் சட்டத்தின் ஹிந்தி வடிவத்தில், "ஜன கண மன' பாடலைச் சுட்டும் சொல் "ராஷ்ட்ர கான்'. "வந்தே மாதரம்' பாடலை ஹிந்தியில் "ராஷ்ட்ர கீத்' என்கிறார்கள். தமிழில் நாம் "தேசிய கீதம்' என்று சொல்வது "ஜன கண மன' பாடலைத்தான். அதாவது, ஹிந்தியில் "கீத்' எனப்படுவது ஒரு பாடல், தமிழில் "கீதம்' எனப்படுவது வேறொரு பாடல். ஹிந்தியில் வரும் "ராஷ்ட்ர கீத்' என்பதை ஒலி ஒற்றுமையை நம்பித் தமிழில் "தேசிய கீதம்' என்று பெயர்த்தால், பொருள் தலைகீழாகிவிடும்.

மராத்தியில் நிலைமை நம்மைப் போன்றது. அங்கு "ராஷ்ட்ரகீத்' என்றால் "ஜன கண மன' தான். ஆக, மும்பையில் ஒரு பொருளும் தில்லியில் வேறொரு பொருளும் தருகிறது ஒரே சொல். இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலிருந்து தொடங்குகிறது. "நேஷனல் ஆந்தம்' என்பதற்கும் "நேஷனல் சாங்' என்பதற்கும் இடையே ஆங்கிலத்தில் தகுதி வேறுபாடு உண்டு. "ஆந்தம்' என்பது முதலில் தேவாலயப் பாடகர் குழுவினர் சேர்ந்திசைக்கும் வழிபாட்டுப் பாடலின் பெயர், பின்னாளில் அரசுகளின் அதிகாரபூர்வப் பாடலுக்கு ஆகிவந்தது. தமிழில் கீதம், பாடல் ஆகிய இரண்டுக்கும் அத்தகைய ஏற்றத்தாழ்வு இல்லை. ஒன்று வடசொல், மற்றது தமிழ்ச்சொல் என்பதே வேறுபாடு. "நாட்டுப்பண்' என்று எழுதினால் அந்த வேறுபாடும் மறைந்துவிடும்.

தலைப்பில் பிறந்த சந்தேகம்

ரவீந்திரநாத் தாகூரின் பாடல் 1911 டிசம்பர் 27-ஆம் தேதி கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டின் இரண்டாம் நாளில் முதன்முதலாகப் பாடப்பட்டது. மறுமாதம், பிரம்ம சமாஜத்தின் "தத்துவபோதினி' இதழில் அது அச்சேறியது. அந்த இதழில் இருந்த தலைப்பைச் சிலர் "பாரத விதாதா' என்றும், வேறு சிலர் "பாரத பாக்ய விதாதா' என்றும் குறிப்பிடுகின்றனர். "ஜன கண மன' என்பது கவிஞர் இட்ட தலைப்பன்று. முதல் சொற்களே பெயராகிப் போயின.

"விதாதா' என்றால் விதியை வகுப்பவன். அந்த விதாதா யார் என்பதே முதல் சர்ச்சை. அதே மாநாட்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரவேற்கும் தீர்மானமும் நிறைவேறியது. மன்னரைப் போற்றும் வேறொரு ஹிந்திப் பாடலும் பாடப்பட்டது. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இரண்டையும் குழப்பி, தாகூரின் பாடல் மன்னருக்கானது என்று செய்தி வெளியிட்டன. மனித குலத்தின் தேர்ப்பாகனாகிய இறைவனைத்தான் தாம் பாடியதாகவும், எந்த ஜார்ஜும் அந்த விதாதாவாக முடியாது என்றும் 1937-இல் எழுதிய கடிதத்தில் தாகூர் விளக்கினார். ஆயினும் அந்தப் பழி முற்றிலும் ஓயவில்லை. பழைய தலைப்பு புழக்கத்திலிருந்து மறைந்து முதல் சொற்களே பெயரானது, இந்த வகையில் பாடலுக்கு நன்மையே செய்தது எனலாம்.

1919-இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்தபோது அங்குள்ள பிரம்மஞான சபைக் கல்லூரியில் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அன்று அவ்வூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆங்கில வடிவத்துக்கு அவர் சூட்டிய பெயர் "இந்தியாவின் காலைப் பாடல்'. ஆக, கவிஞரே ஒரு பாடலுக்கு இரு தலைப்புகள் தந்திருக்கிறார். இரண்டுமே இன்று வழக்கில் இல்லை.

"வந்தே' என்பதா, "பந்தே' என்பதா?

"வந்தே மாதரம்' பாடலின் பெயரும் சர்ச்சைக்குத் தப்பவில்லை. வங்காளிகளின் உச்சரிப்பில் வகரம் பகரமாகிவிடும். 1906-இல் விபின் சந்திர பால் தொடங்கி, அரவிந்தர் நடத்திய ஆங்கில நாளேட்டின் பெயர் "பந்தே மாதரம்' என்றே அச்சானது. சமஸ்கிருத முறைப்படி "வந்தே' என்பதே சரி என்பது மற்றவர் வாதம். பாரதியார் இப்பாடலைத் தமிழில் பெயர்த்தபோது "வந்தே' என்ற வடிவமே தமிழகத்தில் நிலைபெற்றது.

இப்பாடல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்வி 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆசிரியர் தேர்வில் "வங்காளி' என்று விடையளித்த ஒருவருக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டது, "சமஸ்கிருதம்' என்பதே சரியான விடை என்றது தேர்வு வாரியம். ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்த அவருக்கு நீதிமன்றம் அந்த மதிப்பெண்ணை வழங்கச் செய்தது. பள்ளிகளில் வாரம் ஒருமுறை இப்பாடலைப் பாட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. உரிய காரணத்தோடு பாட மறுப்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டது. ஒரு மதிப்பெண்ணுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு, மாநிலத்துப் பள்ளிகளுக்கெல்லாம் உத்தரவாக முடிந்தது.

வாக்கெடுப்பின்றி வந்த முடிவு

இவ்வளவு சர்ச்சைக்கும் இடம் தந்தது அரசியல் நிர்ணய சபையின் கடைசி நாள் நடவடிக்கை. 1947-இல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை கூடியபோது, இந்தியக் குழுவிடம் நாட்டின் பாடலைக் கேட்டார்கள். கைவசம் இருந்த "ஜன கண மன' இசைத்தட்டைக் கொண்டு இசைக்குழு வாசித்தது. அந்த இசைக்குக் கிடைத்த வரவேற்பை 1948 ஆகஸ்ட் 25-ஆம் தேதி சபையில் எடுத்துரைத்த பிரதமர் நேரு, சொற்களைவிட மெட்டே இதில் முதன்மையானது என்று வாதிட்டார். அமைச்சரவையின் தேர்வு தற்காலிகமானது, இறுதி முடிவு சபையுடையது என்றும் கூறினார்.

ஆனால், சபை வாக்களிக்கவே இல்லை. தீர்மானம் கொண்டுவருவதற்குப் பதிலாகத் தாம் ஓர் அறிக்கை அளிப்பதே நல்லது என்று கருதப்பட்டதாக, சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் 1950 ஜனவரி 24-ஆம் தேதி தெரிவித்தார். "ஜன கண மன' என்று அறியப்படும், சொல்லும் இசையும் கூடிய படைப்பு இந்தியாவின் தேசிய கீதம் என்றும், அரசு தேவைப்படும்போது அதன் சொற்களில் மாற்றம் செய்யலாம் என்றும் அறிவித்தார். விடுதலைப் போரில் வரலாற்றுப் பங்காற்றிய "வந்தே மாதரம்' பாடல் அதற்கு நிகராகப் போற்றப்படும், சம தகுதி பெறும் என்றார். உறுப்பினர்கள் கரவொலி எழுப்பினர். அதே நாளில் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தாகூர் இட்ட தலைப்பு அதில் இல்லை, "என்று அறியப்படும்' என்ற சொற்களே உள்ளன. "வந்தே மாதரம்' வெறுமனே "பாடல்' என்றே சுட்டப்பட்டது, "தேசியப் பாடல்' என்ற பட்டம் வழக்கத்தால் பின்னர் ஏற்பட்டது. சம தகுதி தரப்பட்டதேயன்றி, சமமான பெயர் தரப்படவில்லை.

பெயரைப் பற்றிக்கொண்ட சட்டம்

பின்னர் வந்த சட்டங்கள் ஒரு பெயரை மட்டுமே பற்றிக்கொண்டன. 1971-இல் இயற்றப்பட்ட தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், தேசிய கீதம் பாடுவதைத் தடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிப்பது குடிமக்களின் கடமை என்றது. அந்தப் பிரிவில் தேசியப் பாடல் இடம்பெறவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அது தொடர்பான விவாதத்தில் இறங்க உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் மறுத்துவிட்டது. 2022-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய உள்துறை அமைச்சகமோ, இரு பாடல்களும் ஒரே நிலையில் நிற்பவை என்று கூறியது. 1950-ஆம் ஆண்டு அறிக்கையை வைத்துப் பார்த்தால் அமைச்சகம் சொன்னது சரி. சட்டத்தின் சொல்லை வைத்துப் பார்த்தால் நீதிமன்றம் சொன்னது சரி.

பெயர் உறுதியாக இருக்கும் இடத்திலும் கடமையின் எல்லை நீதிமன்றத்தில்தான் வரையறுக்கப்பட்டது. கேரளத்தில் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும், சமய நம்பிக்கை காரணமாகப் பாடாத மூன்று பள்ளிக் குழந்தைகள் நீக்கப்பட்ட வழக்கில், பாட வேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதுமில்லை என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரையரங்குகளில் கீதத்தைக் கட்டாயமாக்கி 2016 நவம்பரில் பிறப்பித்த உத்தரவை, 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் விருப்பத்துக்கு விட்டுத் தளர்த்தியது.

தமிழகம் தரும் பாடம்

பெயர் மாறினால் கடமை மாறும் என்பதைத் தமிழகம் நேரில் கண்டது. மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்து ஓர் இறை வாழ்த்து, அது "கீதம்' அன்று, ஆகவே எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. அதற்காக அவமதிக்கலாம் என்பதல்ல, உரிய மரியாதை தேவை என்றும் சொன்னது. சில நாள்களிலேயே, டிசம்பர் 17-ஆம் தேதி, தமிழக அரசு அதை "மாநிலப் பாடல்' என அறிவித்தது, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என ஆணையிட்டது. பாடலில் ஒரு சொல்லும் மாறவில்லை. அதற்குரிய பெயர் மாறியது; அதனுடன் கடமையும் மாறியது.

இதே வழியில் மத்திய அரசும் நடைபோடுகிறது. "வந்தே மாதரம்' பாடலின் ஆறு பத்திகளையும் அரசு விழாக்களில் பாடுவது குறித்தும், இரு பாடல்களும் இடம்பெறும்போது அதை முதலில் பாடுவது குறித்தும் 2026 தொடக்கத்தில் உள்துறை அமைச்சகம் நெறிமுறைகளை வெளியிட்டது. முதல் இரு பத்திகளை மட்டும் பாடுவது என்று 1937-இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி எடுத்த முடிவுதான், டிசம்பர் விவாதத்தில் இரு தரப்பும் மோதிக்கொண்ட களம். பின்னைய பத்திகள் தாயைத் தேவியாக உருவகிப்பவை. உருவ வழிபாட்டை ஏற்காதோர் அவற்றைப் பாடத் தயங்குவர் என்பதே அன்றைய கவலை. பாடலைத் துண்டாடியதே பிரிவினைக்கு வித்திட்டது என்றது ஆளும் கட்சி. தாகூரின் ஆலோசனையை ஏற்றே அவ்வாறு செய்யப்பட்டது என்றது காங்கிரஸ். மேற்கு வங்கத் தேர்தல் நெருங்கியதால்தான் இந்த விவாதம் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

மணிக்கணக்கில் பேசிய அவை, 1950-இல் வாக்கெடுப்பின்றி விடப்பட்ட கேள்வியை மட்டும் மீண்டும் விட்டுவிட்டது. சம தகுதி என்றால் சமமான மரியாதை மட்டுமா, சமமான கட்டாயமும் தண்டனையுமா? மரியாதை மனத்தில் பிறப்பது. அதற்கு எந்தப் பெயரும் போதும். தண்டனை அப்படியன்று. எந்தப் படைப்பு, அதில் எத்தனை பத்திகள், எந்தச் செயல் குற்றம் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தால்தான் அது சட்டம். அமைச்சகத்தின் சுற்றறிக்கையும் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

1992 முதல் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் "ஜன கண மன' இசையுடன் தொடங்கி, "வந்தே மாதரம்' இசையுடன் நிறைவுறுவது மரபாயிற்று. இரண்டுக்கும் எழுந்து நிற்கும் உறுப்பினர்கள், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில் ஒரு நாளை ஒதுக்கி, எதற்கு என்ன பெயர், அந்தப் பெயருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை வாக்கெடுப்பில் தீர்மானிப்பதே முறை. கரவொலியோடு விட்ட கேள்விக்குக் கையெழுத்தோடு விடை தர வேண்டியது அந்த அவையே.